ஆணி இருந்தது, தகரம் போனது

கட்டாரில் வேலை செய்த எட்டு ஆண்டுகளிலும் ஊருக்கு வரும்போதெல்லாம் விமானத்தில் யன்னலோர இருக்கையையே கேட்டு வாங்குவேன். அந்த யன்னலின் அடிப்பகுதியில் ஊசி குத்தியது போல ஒரு சிறு ஓட்டை இருக்கும்; உயரே ஏறிய பின் அதைச் சுற்றிப் பனித்துகள் பூக்கும். ஓட்டை யன்னலோடு பறக்கிறோமே என்று முதன்முறை பயந்ததும் உண்மைதான். மட்டக்களப்பின் கல்லடிக்குத் திரும்பி வந்த பின்னர் அதைப் பற்றி வாசிக்கத் தொடங்கியவன், அந்த ஓட்டை வழியாக விமானத்தின் உடலுக்குள்ளேயே நுழைந்துவிட்டேன்.

யன்னலில் மூன்று கண்ணாடிகள் உண்டு. கண்ணாடி என்று சொன்னாலும் அவை ஒருவகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. அழுத்தத்தைத் தாங்குவது வெளியே இருப்பது. நடுவில் இருப்பது, வெளியே இருப்பது உடைந்தால் சுமையை ஏற்பதற்காக வைக்கப்பட்டது. நாம் மூக்கை வைத்து அழுத்துவது கீறல் படாமல் காக்கும் தடுப்பு மட்டுமே. ஓட்டை நடுக் கண்ணாடியில் இருக்கிறது. அதன் வழியே உள்ளேயிருக்கும் காற்றழுத்தம் வெளிக் கண்ணாடியைச் சென்றடைவதால் சுமை முழுவதும் அதன்மேலேயே விழுகிறது.

அந்தச் சுமை சிறியதன்று. ஏறத்தாழ 11 கிலோமீற்றர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதன் கால்வாசிக்கும் குறைவு. ஆகவே பெரும்பாலான விமானங்களில் இயந்திரத்தில் காற்றை அழுத்தும் பகுதியான அமுக்கியிலிருந்து சூடான காற்றை எடுத்து, குளிர்வித்து உள்ளே செலுத்துகிறார்கள்; பின்புறத்திலுள்ள ஒரு கதவிதழ் வெளியேறும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே பேணப்படும் அழுத்தம் மிகக் குறைந்தால் 2,400 மீற்றர் உயர மலையில் இருப்பதற்குச் சமம், அதாவது இலங்கையின் மிக உயர்ந்த மலையான பீதுருதலாகலையின் உச்சிக்குச் சற்றுக் கீழே. உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டால் ஒவ்வொரு சதுர மீற்றரையும் 5 தொன்னுக்கு மேற்பட்ட விசை வெளிநோக்கித் தள்ளுகிறது. இதைத் தாங்குவது பல இடங்களில் ஒரு மில்லிமீற்றர் அளவே தடிப்புள்ள அலுமினியத் தகடு. வள்ளத்தின் விலாக்களைப் போன்ற வளையங்களும் நீளவாட்டுச் சட்டங்களும் உள்ளிருந்து அதற்குத் துணை நிற்க, தகடும் தகடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களை ரிவெட் எனப்படும் தறையாணிகள் இறுக்கிப் பிடிக்கின்றன.

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைப் பற்றி அம்மா எப்போதும் ஒன்றைச் சொல்லுவார்: "ஆணியெல்லாம் மரத்திலதான் மனே கிடந்தது, தகரந்தான் போயிற்று." காற்று தகரத்தை ஆட்டியாட்டி ஆணித் துளையைச் சுற்றிக் கிழித்திருக்கிறது. விமானத் தகட்டின் நோயும் அதே இடத்தில்தான் தொடங்குகிறது. ஒவ்வொரு பறப்பிலும் உடல் ஒருமுறை உப்பி, ஒருமுறை தளர்கிறது. ஒருமுறை உப்புவதால் எதுவும் ஆகாது. பல்லாயிரம் முறை உப்பும்போதுதான் துளையின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புப் பிறக்கிறது. அதனால் இத்தகைய உடலின் வயதை ஆண்டுகளில் மட்டும் அளந்தால் போதாது, பறப்புகளையும் எண்ண வேண்டும்.

உலகின் முதலாவது பயணிகள் ஜெட் விமானமான கொமெட் இதற்கு விலை கொடுத்தது. 1952 மே மாதம் சேவைக்கு வந்த அந்த வகையில், 1954 ஜனவரியில் ஒன்றும் ஏப்ரலில் ஒன்றுமாக இத்தாலிக்கு அருகே கடலில் வீழ்ந்தன. முதலாவது ஏறத்தாழ 1,290 தடவைகள் மட்டுமே பறந்திருந்தது. பின்னர் இங்கிலாந்தின் பார்ன்பரோவில் இன்னொரு கொமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் பார்த்தபோது, முன்பு பறந்த பறப்புகளையும் சேர்த்து 3,057ஆவது சுற்றை அண்மித்த வேளையில் அது கிழிந்தது. 'சதுர யன்னல்தான் காரணம்' என்று பலரும் எழுதுவது அரைகுறையான பேச்சு. மூலைகளில் இழுவிசை குவிந்தது உண்மை. ஆனால் ஜனவரியில் வீழ்ந்ததன் கிழிசல் தொடங்கியது பயணிகளின் யன்னலில் அன்று, கூரையில் வானலைக் கருவிக்காக வெட்டிய திறப்பின் மூலையில், ஒரு தறையாணித் துளைக்கருகே. வேடிக்கை என்னவென்றால், வடிவமைப்பின்போது சோதித்த உடற்பகுதி 18,000 சுற்றுகள் வரை தாங்கியிருந்தது. அதற்கு முன்பே அதை அளவுக்கு மிஞ்சிய அழுத்தத்தில் சோதித்திருந்ததால் பலவீனமான மூலைகள் சற்று நீண்டு, பிறகு அங்கு வெடிப்பு எளிதில் வளர முடியாதபடி இறுகிவிட்டன. கடுமையான சோதனையே பொய்யான நம்பிக்கையைத் தந்தது.

கடலோரத்தில் வாழ்பவன் என்பதால் என்னை மேலும் உறுத்துவது 1988 ஏப்ரல் 28ஆம் திகதி ஹவாயில் நடந்தது. அலோகா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றின் முன்பகுதிக் கூரை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. விமானப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார், விமானம் எப்படியோ தரையிறங்கியது. தீவுக்குத் தீவு தாவியதால் 35,496 மணித்தியாலங்களில் அது 89,680 தடவைகள் பறந்திருந்தது. சராசரியாக ஒரு பறப்புக்கு 24 நிமிடம். தகட்டுப் பொருத்துகளை ஒட்டியிருந்த பசை உப்பு ஈரத்தில் விட்டுப்போக, சுமை முழுவதும் தறையாணிகளுக்கு மாறியது. ஆணித்தலை வெளியே துருத்தாதிருக்கத் துளையின் வாயைச் சரிவாகக் குடைந்திருந்தார்கள். தகடு மெல்லியது என்பதால் துளையின் அடிவிளிம்பு கத்தி முனைபோலானது. அங்கே வரிசையாகப் பிறந்த சிறு வெடிப்புகள் ஒன்றோடொன்று கைகோத்தன. மட்டக்களப்பு ஓடுபாதையில் இறங்கும் செஸ்னா கரவன் போன்ற சிறு விமானங்களில் காற்றழுத்தம் ஏற்றுவதில்லை என்பதால் இந்த உப்பித் தளரும் களைப்பு அவற்றுக்கு இல்லை. எங்கள் வாவிக் காற்றின் உப்பு மட்டும் அவற்றையும் விடாது.

பழுது பார்ப்பதும் இதே கணக்குத்தான். 1978இல் வால் தரையில் உரசிய ஜப்பானியப் போயிங் 747 ஒன்றின் பின் அழுத்தச் சுவரை, அதாவது உள்ளிருக்கும் காற்று வால் பக்கம் போகாமல் தடுக்கும் சுவரை, திருத்தும்போது, இணைப்புத் தகட்டை இரண்டாக வெட்டிப் பொருத்தியதால், இரண்டு வரிசை ஆணிகள் தாங்க வேண்டிய இடத்தில் ஒரு வரிசையே சுமையைத் தாங்கியது. ஏழு ஆண்டுகள் அது பறந்தது. 1985 ஆகஸ்ட் 12ஆம் திகதி அச்சுவர் கிழிய, 520 பேர் மாண்டனர்.

கடைசிப் பயணத்தில் ஏணிப்படியில் நின்றபோது, கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஒட்டுத் தகட்டைக் கண்டேன். மூலைகள் நான்கும் வட்டமாக வெட்டப்பட்டிருந்தன. ஓரத்தில் ஆணிகள் எத்தனை வரிசை என்று குனிந்து எண்ணினேன். மூன்றாவது வரிசைக்கு வந்தபோது பின்னால் நின்ற தம்பி, "அண்ணன், நடங்க" என்றார்.