‘அதனால?’ என்று சார் கேட்டார்

ஆறாம் படிவத்தில், மலேசியப் பல்கலைக்கழக நுழைவுக்கான மூயெட் (MUET) ஆங்கிலத் தேர்வின் எழுத்துத் தாள்தான் எனக்கு எமன். 75 நிமிடத்தில் ஒரு மின்னஞ்சல், பிறகு 250 சொல்லுக்குக் குறையாமல் ஒரு கட்டுரை. மின்னஞ்சலில் எப்படியோ தப்பித்துவிடுவேன். கட்டுரையில்தான் மாட்டிக்கொள்வேன்.

பயிற்சித் தாளில் வந்த தலைப்பு, பிளாஸ்டிக் பையை அடியோடு தடை செய்ய வேண்டுமா என்பது. “பிளாஸ்டிக் பையால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு” என்று ஆரம்பித்திருந்தேன். பினாங்கில் எங்கள் ரைஃபிள் ரேஞ்ச் அடுக்ககத்தில் கீழ்மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் கொண்டுபோனேன்.

“இதை யாராச்சும் மறுக்க முடியுமா?”

“முடியாது சார்.”

“அப்ப எதுக்கும்மா 250 சொல்லு?”

அன்று ஆங்கிலத்தையே தொடவிடவில்லை. “நீ என்ன நினைக்கிற? தமிழ்ல சொல்லு” என்றார். தடை வேண்டாம், காசு வாங்கினால் போதும் என்றேன். ஏன் என்று கேட்டதும் வாயடைத்துப் போனேன். அரை மணி நேரம் அந்த ‘ஏன்’ மேலேயே உட்கார்ந்திருந்தோம்.

பினாங்கில் 2009இல் திங்கட்கிழமை மட்டும் இலவசப் பை கிடையாது என்று தொடங்கினார்கள். 2011இல் அதை எல்லா நாளுக்கும் ஆக்கினார்கள், அப்போது ஒரு பைக்கு 20 காசு. நான் விவரம் தெரிந்து பார்த்ததெல்லாம் அம்மா பை வாங்க மறுத்ததைத்தான். ஒருமுறை ஆயர் ஈத்தாம் கடையில் வெங்காயம், இரண்டு டின் பால், முட்டைப் பெட்டி எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டு வந்து, லிஃப்ட் வாசலில் முட்டையைக் கோட்டைவிட்டார். 20 காசை மிச்சம் பிடித்து பத்து முட்டை போச்சு! வீட்டில் இன்றும் அந்தப் பேச்சு வந்தால் அம்மா எழுந்து போய்விடுவார்.

சிரித்துக்கொண்டே சொன்னதைச் சார் பிடித்துக்கொண்டார். “அதனால?”

“அம்மாவுக்கு 20 காசு பெரிசில்ல சார். ‘பை வேணுமா’ன்னு கடையில கேட்டாங்க. கேட்டதும் அம்மா யோசிச்சாங்க. கீழ இருக்கிற கடையில தே தாரேக்கை, அதான் ஆத்தின பால் டீயை, பிளாஸ்டிக்கில கட்டித் தர்றப்ப யாரும் கேக்கறதில்ல, நாமளும் பேசாம வாங்கிக்கிறோம்.”

“இதான் உன் பத்தி. எழுது.”

கட்டுரையின் மையக் கருத்து அதிலிருந்துதான் பிறந்தது: சிறு கட்டணம், பை வாங்குபவரை ஒரு நொடி யோசிக்க வைக்கிறது, அதனால் முழுத் தடையைவிட அதுவே நிலைக்கும். சரியா தவறா, இதோடு ஒருவர் சண்டைக்கு வரலாம்.

பத்தி நேராக வந்துவிடவில்லை. பழக்கத்தில் கடல் ஆமை, வடிகால் அடைப்பு, குப்பைமேடு என்று மூன்றையும் திணித்திருந்தேன். சார் எல்லாவற்றையும் பென்சிலால் அடித்துவிட்டு முதல் வரியையும் அம்மா கதையையும் மட்டும் விட்டார். ஆமை எனக்குப் பிடித்த வரி, கோபம் வந்தது. ஆனால் கதைக்குக் கீழே ‘அதனால?’வுக்குப் பதிலாக நான்கு வரி எழுதிய பிறகு ஆமைக்கு இடமே இல்லை. வீட்டுக் குப்பையைக் கட்ட எப்படியும் பை வேண்டுமே என்ற எதிர்வாதத்தை அடுத்த பத்திக்குத் தள்ளினோம்.

தேர்வில் வந்தது வேறு தலைப்பு. வினாத்தாளின் ஓரத்தில் பென்சிலால் ‘அதனால?’ என்று தமிழில் எழுதிவைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன்.