மருமகனுக்கு மந்திரம் பிடிக்காது

மாயாஜாலத் தொடர் என்றாலே குழந்தைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம், ஆனால் 1964 முதல் 1972 வரை அமெரிக்காவில் ஓடிய 'பிவிட்ச்ட்' பார்த்தால் அதில் பாதி மாமியார் - மருமகன் சண்டைதான். சூனியக்காரி சமந்தா சாதாரண ஆள் ஒருவனைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறாள், அவனோ வீட்டில் மந்திரமே கூடாது என்கிறான் (என்ன மனுஷனோ!), அவள் அம்மா எண்டோரா மருமகன் பெயரைக்கூட வேண்டுமென்றே தப்பாகச் சொல்வாள்.

தந்திரக் காட்சிகள் ரொம்ப எளிமை. கேமராவை நிறுத்துவார்கள், நடிகை தூக்கிய கையோடு அப்படியே நிற்பார், ஆட்கள் வந்து பொருளை மாற்றுவார்கள், மறுபடி கேமரா ஓடும். அவ்வளவுதான்.

அப்புறம் 1969இல் கணவனாக நடித்த டிக் யார்க் உடல்நலமில்லாமல் விலக, டிக் சார்ஜண்ட் வந்தார், கதையில் ஒரு விளக்கமும் கிடையாது. மந்திரக் குடும்பம்தானே, சரி என்று ஜனங்களும் பார்த்தார்கள்!