முதல் வருஷ ஸ்கேன்ல எலும்பு இன்னும் குறைஞ்சிருந்துச்சு

எனக்கு இப்ப 56 வயசு, ரெனவேஷன் வேலைல சைட் சூப்பர்வைசர். ஆறு வருஷத்துக்கு முன்னாடி மூளைக்கு அடியில இருக்கிற, மத்த ஹார்மோன்களை ஆட்டி வைக்கிற பிட்யூட்டரி சுரப்பில கட்டின்னு மூக்கு வழியா ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. அப்புறம் தினமும் தைராய்டு மாத்திரையும், கார்ட்டிசால் ஹார்மோனுக்குப் பதிலா ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையும். அதோட தொல்லை முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

ஆனா ஒடம்புல தெம்பே இல்ல. வயிறு மட்டும் பெருத்துச்சு, கை கால் சதை வத்திப் போச்சு, சாயங்காலம் புளோக்குக்கு கீழ வந்து நின்னா லிஃப்ட் வரைக்கும் நடக்கவே மலைப்பா இருக்கும். ஒரு கிளினிக்ல வயசாகுது ரெஸ்ட் எடுங்கன்னு எம்சி (மெடிக்கல் லீவு சீட்டு) குடுத்து அனுப்பிட்டாங்க, அதுல ஒரு வருஷம் வீணாப் போனது எனக்கு இன்னைக்கும் ஆறல. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை மார்க்கெட்ல மீன் கடை பக்கம் ஈரத்துல வழுக்கி கைய ஊனினேன், அவ்ளோதான், மணிக்கட்டு முறிஞ்சிருச்சு. அந்த மாதிரி விழுந்ததுக்கெல்லாம் எலும்பு உடையக் கூடாது. இதக் கேட்டதும் ஹார்மோன் டாக்டர் முகமே மாறிப்போச்சு.

எலும்பு ஸ்கேன் லேசான விஷயம், படுத்துக்கிட்டா மேல ஒரு மெஷின் நகரும், பத்து நிமிஷம், வலி கிடையாது. முதுகெலும்புக்கு டி-ஸ்கோர், அதாவது எலும்பு எவ்ளோ அடர்த்தியா இருக்குன்னு காட்டுற அளவு, -2.6 வந்துச்சு, -2.5க்கு கீழ போனாலே ஆஸ்டியோபோரோசிஸ்னு சொல்ற எலும்புத் தேய்மானம். வைட்டமின் டியும் கம்மி. வருஷம் பூரா வெயில் அடிக்கிற சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டு!

கஷ்டப்பட்டது குளுக்ககான் டெஸ்ட்லதான், ஒடம்புல குரோத் ஹார்மோன் (வளர்ச்சி ஹார்மோன்) சுரக்குதான்னு பாக்குற டெஸ்ட் அது. ராத்திரியிலேர்ந்து சாப்பிடாம போகணும், சதைல ஒரு ஊசி, அப்புறம் நாலு மணி நேரம் அரை மணிக்கு ஒரு தடவ ரத்தம் எடுப்பாங்க. மூணாவது மணி நேரத்துல கொமட்டிக்கிட்டு வந்துச்சு பாருங்க, நர்ஸ் நம்ம ஊரு பொண்ணு, கிண்ணத்த கைல குடுத்துட்டு "அண்ணே இன்னும் ரெண்டே ரத்தம்தான், பொறுத்துக்கோங்க"ன்னு பக்கத்துலயே நின்னுச்சு. என்னோட குரோத் ஹார்மோன் அதிகபட்சமே 0.6தான் போச்சு, 3ஐயாவது தொடணும்.

வளந்து முடிச்ச ஆளுக்கு வளர்ச்சி ஹார்மோன் எதுக்குன்னு என் வீட்டுக்காரம்மா கேட்டுச்சு, எனக்கும் அதே கேள்விதான். பெரியவங்களுக்கும் பழைய எலும்பு கரைஞ்சு புது எலும்பு கட்டுறது நிக்காம நடக்கணும், இந்த ஹார்மோன் இல்லன்னா அந்த வேலையே மந்தமாயிடுமாம். ஹைட்ரோகார்ட்டிசோன் தேவைக்கு மேல போனாலும் எலும்பத் தின்னும்னு அதோட டோஸையும் கொஞ்சம் குறைச்சாங்க, ஆனா குரோத் ஹார்மோன் ஊசி ஆரம்பிச்சா கார்ட்டிசால் பத்தாம போகலாம், தலை சுத்துனா உடனே போன் பண்ணுங்கன்னும் சொன்னாங்க. கட்டி திரும்பி வரலன்னு எம்ஆர்ஐ பாத்த பிறகுதான் ஊசி. செலவு சின்னது இல்ல, மருத்துவ சமூக ஊழியர்கிட்ட ரெண்டு தடவ உக்காந்து பேசினோம்.

ராத்திரி படுக்கப் போறப்ப வயித்துல பேனா ஊசி, 0.2 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு ரத்தத்துல ஐஜிஎஃப்-1 (குரோத் ஹார்மோன் எவ்ளோ வேலை செய்யுதுன்னு காட்டுற அளவு) பாத்து பாத்து ஏத்துனாங்க. 0.4க்கு வந்தப்ப விரல் வீங்கி கல்யாண மோதிரம் கழட்ட வரல, சோப்பு போட்டுத்தான் உருவுனோம். 0.3க்கு இறக்குனதும் வடிஞ்சிருச்சு.

ஒரு வருஷம் ஒரு நாள் விடாம போட்டுட்டு ஸ்கேனுக்குப் போனா -2.8. எனக்கு அழுகையே வந்துருச்சு. இவ்ளோ காசு, இவ்ளோ ஊசி, நிறுத்திடலாம்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். என் வேலை என்னன்னு அவருக்குத் தெரியும், பழைய டைல்ஸ உடைச்சு எடுக்காம புதுசு போடுவீங்களான்னு கேட்டாரு. இந்த ஊசி கரைக்கிற வேலை, கட்டுற வேலை ரெண்டையும் முடுக்கி விடும், ஆனா கரைக்கிறது முந்திக்கும், அதனால முதல் ஆறு மாசம் ஒரு வருஷம் அளவு இறங்கலாம், ஒன்றரை ரெண்டு வருஷம் போனாத்தான் ஏத்தம் தெரியும்னு விளக்குனாரு. இத முதல் நாளே சொல்லியிருந்தா எனக்கு அத்தன ராத்திரி தூக்கம் போயிருக்காது. பிட்யூட்டரி ஆபரேஷன் பண்ணவங்க யாராவது இத படிச்சா, எலும்பு ஸ்கேன் எடுக்கணுமான்னு நீங்களே வாயத் தொறந்து கேளுங்க.

ரெண்டாவது வருஷம் -2.4 வந்துச்சு. வீட்டுக்காரம்மா அந்த ரிப்போர்ட்ட சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருக்கு. இந்தத் தைப்பூசத்துக்கு பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோட் வரைக்கும் பால்குடம் எடுத்து நடந்தேன், ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் தடவ. வீட்டுக்கு வந்ததும் கால அலம்பிட்டு ஃப்ரிட்ஜ்லேர்ந்து பேனாவ எடுத்தேன், அன்னைக்கு ஊசியும் விடல.