ஒரே சம்பவம், இரண்டு படங்கள்

உண்மையில் நடந்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றிய ஆவணப்படத்தையும் கதைப்படத்தையும் அடுத்தடுத்துப் பார்ப்பது சில மாதங்களாக என் பொழுதுபோக்காகிவிட்டது. பார்த்த கையோடு ஒரு நோட்டில் நாலு வரி எழுதிவைக்கிறேன். இரண்டையும் ஒரே இரவில் பார்த்தால் காட்சிகள் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. ஒரு வாரம் தள்ளிப்போட்டால் முதல் படம் மங்கிவிடுகிறது. ஒரு நாள் இடைவெளி பொருத்தமாக இருக்கிறது. எதை முதலில் பார்ப்பது என்பதில்தான் இன்னும் தீர்மானத்துக்கு வரவில்லை.

முதல் ஜோடி 'மேன் ஆன் வயர்' (2008), 'தி வாக்' (2015). பிலிப் பெத்தி என்ற பிரெஞ்சுக் கழைக்கூத்தர் 1974 ஆகஸ்ட் 7 அன்று நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களுக்கு நடுவே, யாரிடமும் அனுமதி வாங்காமல் கம்பி கட்டி, தரையிலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் முக்கால் மணி நேரம் முன்னும் பின்னுமாக நடந்தார். ஜேம்ஸ் மார்ஷ் எடுத்த ஆவணப்படம் இதை ஒரு கொள்ளைத் திட்டத்தைச் சொல்வதுபோல் சொல்கிறது. கூட்டாளிகள், இரவு முழுக்க ஒளிந்திருத்தல், ஒரு கோபுரத்திலிருந்து மறு கோபுரத்துக்கு வில்லில் அம்பெய்து நூலைக் கடத்துதல் என்று அத்தனையும் இருக்கிறது. பெத்தியும் கதை சொல்வதில் கெட்டிக்காரர். நாற்காலியில் உட்கார்ந்து பேசச் சொன்னால் எழுந்து நடித்தே காட்டிவிடுகிறார்.

ஆனால் முக்கியமான ஒன்று மார்ஷின் கையில் இல்லை. அந்த நடையை யாரும் சினிமா கேமராவில் பிடிக்கவில்லை. புகைப்படங்கள் மட்டுமே இருக்கின்றன. படம் முழுக்க எதற்காகக் காத்திருந்தோமோ அந்த இடம் வந்ததும், அசையாத படங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. கூடவே எரிக் சத்தியின் பியானோ. நடந்தவர் அசையவே இல்லை, ஆனால் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தக் கோபுரங்களுக்குப் பின்னாளில் நேர்ந்ததைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் படம் பேசுவதில்லை. பேசாததால்தான் அது நம் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ராபர்ட் ஜெமெக்கிஸ் 'தி வாக்' படத்தில் அந்த நடையைக் கணினியில் முழுதாக உருவாக்கிவிட்டார். கோபுரங்கள், மேகம், கீழே எறும்பாக மனிதர்கள். தொழில்நுட்பத்தைக் குறை சொல்ல முடியாது. என் உள்ளங்கை வியர்த்தது உண்மை. ஆனால் நாயகன் சுதந்திர தேவி சிலையின் தீப்பந்தத்தருகே நின்றுகொண்டு எல்லாவற்றையும் நமக்கு விளக்குகிறார். கம்பி மேல் கால் வைத்த பிறகும் அந்த விளக்கக் குரல் ஓய்வதில்லை. கண் முன்னால் நடப்பதைக் காதிலும் ஓதினால் எரிச்சல் வராதா? முடிவில் எனக்கு ஆவணப்படத்தின் புகைப்படங்கள்தாம் நினைவில் நின்றன.

இந்த ஒரு ஜோடியை வைத்து, ஆவணப்படம் எப்போதும் மேல் என்று எழுதியிருப்பேன். அடுத்த ஜோடி அதைக் கெடுத்துவிட்டது.

2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் பன்னிரண்டு சிறுவர்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் வெள்ளத்தில் சிக்கிக்கொண்டார்கள். ஜூலை 2 அன்றுதான் அவர்கள் உயிரோடு இருப்பது தெரிந்தது. ஜூலை 8 முதல் 10 வரை மூன்று நாட்களில் எல்லோரையும் மீட்டார்கள். செய்தியாகப் படித்தபோது எனக்கு உறைக்காத ஒன்று, சிறுவர்களை மயக்க மருந்து கொடுத்துத்தான் நீருக்கடியில் இழுத்து வந்தார்கள் என்பது. ரிச்சர்ட் ஹாரிஸ் என்ற ஆஸ்திரேலிய மயக்கவியல் மருத்துவர், இது நடக்காது என்று முதலில் நினைத்தவர், வேறு வழியே இல்லாததால் ஒப்புக்கொண்டார். வழியில் மருந்தின் வேகம் குறைந்தால் மறுபடி ஊசி போட முக்குளிப்பவர்களுக்கே கற்றுக்கொடுத்தார்கள்.

'தி ரெஸ்க்யூ' (2021) ஆவணப்படத்தில் அந்த மனிதர்கள் பேசும்போது வேறெங்கும் பார்வை போகவில்லை. வீரர்கள் என்று பார்த்தவுடன் சொல்ல முடியாத, கூச்ச சுபாவமுள்ள, நடுத்தர வயதுக்காரர்கள். குகைக்குள் நீந்துவதை வார இறுதிப் பொழுதுபோக்காக வைத்திருந்தவர்கள். சிறுவயதில் எந்த விளையாட்டு அணியிலும் சேர்த்துக்கொள்ளப்படாதவர்களின் முகம் அது. ஆனால் நீருக்கடியில் நடந்தவற்றில் பெரும்பகுதியைப் படமெடுக்க யாரும் இல்லை. எனவே அதே முக்குளிப்பவர்களை ஸ்டூடியோத் தொட்டியில் மறுபடி நடிக்கவைத்து எடுத்திருக்கிறார்கள். பார்க்கும்போது எனக்கு அசல் காட்சியும் மறுநடிப்பும் ஒன்றாகக் கலந்துவிட்டன. பார்த்து முடித்த பிறகு அதைப் பற்றிப் படித்தபோது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. செய்தவர்களே செய்துகாட்டினால் அது பொய்யா என்று கேட்டால், இல்லைதான். ஆனாலும் எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

ரான் ஹோவர்டின் 'தேர்ட்டீன் லைவ்ஸ்' (2022) கதைப்படம் என்பதால் அந்தச் சங்கடமே இல்லை. அதில் நான் எதிர்பார்க்காத ஒரு நல்ல குணம் இருந்தது: பரபரப்பு காட்டாமல், நேரம் எடுத்துக்கொள்கிறது. குறுகலான பாறை இடுக்கு, கலங்கிய நீர், முதுகில் உரசும் காற்றுக்குடுவை, எந்த நேரமும் முகமூடி கழன்றுவிடலாம் என்ற பயம் என்று ஒரு சிறுவனை வெளியே கொண்டுவருவது எவ்வளவு சலிப்பூட்டும் வேலை என்பது அதில்தான் எனக்குப் புரிந்தது. மலை மேலே மழைநீரைத் திருப்பிவிட உழைத்தவர்களுக்கும், தங்கள் வயல் மூழ்கட்டும் என்று சம்மதித்த விவசாயிகளுக்கும் உரிய இடம் கொடுத்திருக்கிறார்கள். நோட்டில் கதைப்படத்துக்கு ஒரு படி மேலே மதிப்பெண் போட்டேன்.

இதற்குப் பிறகு என் நாலு வரிகளில் ஒன்று நிரந்தரமாகிவிட்டது: இந்தப் படத்திடம் இல்லாதது எது, அந்த இடத்தில் என்ன செய்தார்கள்? நடிப்பு, இசை, ஒளிப்பதிவு எல்லாம் பிறகு.

'அப்பல்லோ 11' (2019) படத்திடம் இல்லாதது எதுவென்று யோசித்தால் விடை வேடிக்கையாக இருக்கிறது. அவர்களிடம் எல்லாமே அளவுக்கு மேல் இருந்தது. ஆவணக் காப்பகத்தில் கிடந்த 65 மி.மீ. படச்சுருள்கள், சுமார் 11,000 மணி நேர ஒலிப்பதிவு. இயக்குநர் டாட் டக்ளஸ் மில்லர் இதற்கெனத் தனியாக ஒரு விளக்கக் குரலைச் சேர்க்கவில்லை, யாரையும் புதிதாகப் பேட்டி எடுக்கவில்லை. 93 நிமிடத்தில் முடித்துவிட்டார். நிலவில் இறங்கும் கட்டம், கலத்தின் ஜன்னல் வழியே எடுத்த ஒரே காட்சியாக ஓடுகிறது. பின்னணியில் எண்களை வாசிக்கும் குரல்கள், நடுவில் கணினியின் எச்சரிக்கை. முடிவு உலகத்துக்கே தெரியும், இருந்தும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். பின்னணி இசைக்கு 1969-ல் இருந்த கருவிகளை மட்டுமே பயன்படுத்தினார்களாம். இத்தகைய பிடிவாதங்கள் எனக்குப் பிடிக்கும்.

இதற்குத் துணையாக 'ஃபர்ஸ்ட் மேன்' (2018). இந்த முறை வரிசையை மாற்றிக் கதைப்படத்தை முதலில் பார்த்தேன். ஆம்ஸ்ட்ராங்கின் மகள் கேரன் 1962-ல் நோயால் இறந்துபோனாள்; அந்தத் துக்கத்தை மையமாக வைத்து டேமியன் ஷசெல் படத்தைக் கட்டியிருக்கிறார். நிலவில் கதவு திறந்ததும் சத்தம் அடியோடு நின்றுபோகும் இடம் அபாரம். ஆனால் மகளின் கைச்சங்கிலியை ஆம்ஸ்ட்ராங் நிலவின் பள்ளத்தில் போடுவதாக ஒரு காட்சி வருகிறது. அப்படி நடந்ததற்கு ஆதாரம் இல்லை, ஊகம். பார்க்கும்போது கண் கலங்கியது, மறுநாள் கோபம் வந்தது. வாழ்நாள் முழுக்கத் தன் மனத்தை வெளியே காட்டாத ஒருவர் காட்டாமல் விட்டதை, நாம் ஏன் சங்கிலி வாங்கி நிரப்ப வேண்டும்? இதைப் பற்றி நண்பர் ஒருவரோடு நீண்ட வாக்குவாதம் நடந்தது. "சினிமா என்றால் அதுதானே ஐயா" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது; என் மதிப்பெண் மட்டும் ஏறவில்லை.

இடையில் ஜோடி இல்லாமல் சில படங்களும் பார்த்தேன். பென்குயின்களைப் பற்றிய பிரெஞ்சு ஆவணப்படம், 2005-ல் வந்தது. அதன் மூலப் பிரெஞ்சு வடிவத்தில் பென்குயின்களே தம் கதையைப் பேசுவதுபோல் நடிகர்கள் குரல் கொடுத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதை எடுத்துவிட்டு மார்கன் ஃப்ரீமேன் குரலைச் சேர்த்தார்கள். பறவைகள் பேசாதிருப்பதே மேல். 'நானூக் ஆஃப் தி நார்த்' (1922) இந்த வகையில் எல்லோருக்கும் மூத்தது. நானூக் என்பது அதில் வரும் இனுயிட் வேட்டைக்காரரின் பெயரே அல்ல. உண்மைப் பெயர் அல்லகாரியல்லாக். பனிவீட்டுக்குள் கேமராவுக்கு வெளிச்சம் போதாது என்று பாதி வீட்டைத் திறந்துவைத்து எடுத்தார்கள். அதற்கு முன் எடுத்த சுருள்களை இயக்குநர் ஃப்ளாஹெர்ட்டியின் சிகரெட் எரித்துவிட்டது. நூறு வருடத்துக்கு முன்பே இவ்வளவு ஜோடனை என்றால், இன்றைக்கு வருகிறவர்களை மட்டும் திட்டி என்ன பயன்?

'க்ரிஸ்லி மேன்' (2005) என்னைப் பல நாட்கள் விடவில்லை. அலாஸ்காவில் பதின்மூன்று கோடைகளைக் கரடிகளோடு கழித்த டிமோதி ட்ரெட்வெல்லும் அவருடைய தோழியும் 2003-ல் கரடியாலேயே கொல்லப்பட்டார்கள். அப்போது கேமராவின் மூடி கழற்றப்படவில்லை. ஒலி மட்டும் பதிவாகியிருந்தது. இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் அதை நமக்குக் கேட்கத் தரவில்லை. தான் மட்டும் ஹெட்போனில் கேட்கிறார். எதிரே அமர்ந்திருக்கும், அந்த ஒலிநாடாவை வைத்திருக்கும் பெண்ணின் முகத்தை நாம் பார்க்கிறோம். இதை நீங்கள் ஒருபோதும் கேட்கக்கூடாது, அழித்துவிடுங்கள் என்று அவரிடம் ஹெர்சாக் சொல்கிறார். பலர் இதைப் பெருந்தன்மை என்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் நாடகமும் தெரிகிறது. கேட்கக்கூடாதது என்றால், கேட்பதைப் படமெடுத்தது ஏன்?

அப்பாஸ் கியரோஸ்தமியின் 'க்ளோஸ்-அப்' (1990) என் ஜோடிக் கணக்கையே கலைத்துவிட்டது. இயக்குநர் மக்மல்பஃப் நான்தான் என்று சொல்லி ஒரு குடும்பத்தை நம்பவைத்த சப்சியான் என்பவரின் வழக்கு. ஏமாற்றியவரும் ஏமாந்தவர்களும் அவரவராகவே நடிக்கிறார்கள். ஆவணமும் கதையும் ஒரே படத்தில் இருப்பதால் நோட்டில் எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் நடுக்கோட்டில் எழுதினேன். கடைசியில் அசல் மக்மல்பஃப் வந்து சந்திக்கும்போது சப்சியான் அழுகிறார்; அப்போது மைக் பழுதாகி ஒலி விட்டுவிட்டு வருகிறது. அது பழுதே அல்ல, கியரோஸ்தமி வேண்டுமென்றே செய்தது என்பது பிறகுதான் தெரிந்தது. இந்த ஏமாற்று வேலைக்கு மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் என்று இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பேச்சு கேட்காமல் போனதால் அந்த அழுகை அவர்களுக்குள்ளேயே இருந்தது என்பதாகத் தோன்றுகிறது.

அடுத்துப் பார்க்க வைத்திருப்பது எரல் மோரிஸின் 'தி தின் ப்ளூ லைன்' (1988). ஒரே கொலையை ஒவ்வொரு சாட்சியும் சொன்னபடி திரும்பத் திரும்ப நடித்துக் காட்டும் படம். அது வந்த மறு வருடம், செய்யாத குற்றத்துக்குச் சிறையில் இருந்தவர் விடுதலையானார். மறுநடிப்பைப் பற்றி மேலே எழுதியதை அதைப் பார்த்த பிறகு அடித்துத் திருத்த வேண்டிவரலாம்.