கல்லூரியும் பள்ளியும் சேர்ந்து தந்த பயிற்சி

பி.எட். படிப்பை இரண்டு ஆண்டுகளாக்கிய தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, இரண்டாம் ஆண்டில் 16 வாரங்கள் பள்ளியிலேயே இருந்து கற்பிக்க வேண்டும் என்கிறது. இன்டர்ன்ஷிப் என்று நாங்கள் சொல்லும் அந்த வாரங்கள் எப்படி அமைகின்றன என்பதைப் பொறுத்தே ஒருவர் ஆசிரியராக நிலைப்பதும் விலகிப்போவதும் அமைகிறது என்பதை என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன்.

வழக்கமான நடைமுறை எளியது. கல்லூரி மாணவர் பட்டியலை அனுப்பும். முதன்மைக் கல்வி அலுவலகத்தின் அனுமதி ஆணை வரும். அதன் நகலோடு நாம் தலைமையாசிரியரைப் போய்ப் பார்ப்போம். பெரும்பாலானோர் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியையே கேட்பதால், நாகர்கோவிலையும் மார்த்தாண்டத்தையும் சுற்றியுள்ள பள்ளிகளில் ஒரே பாடத்துக்குப் பலர் குவிந்து, வகுப்புக்காகக் காத்திருப்பதை என் தோழிகள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு நோட்டில் கையெழுத்து கிடைத்தது. கற்பிக்கும் வாய்ப்புதான் போதிய அளவு கிடைக்கவில்லை.

எங்கள் கல்லூரிப் பேராசிரியை வேறு வழியில் சென்றார். பட்டியல் தயாரிப்பதற்கு முன்பே தலைமையாசிரியர்களிடம் பேசி, எந்தப் பள்ளியில் எந்தப் பாடத்துக்கு அனுபவமுள்ள ஆசிரியர் இருக்கிறார், அவருக்கு ஒருவரை உடன் வைத்துச் சொல்லிக்கொடுக்க மனம் இருக்கிறதா என்று கேட்ட பிறகே இடம் ஒதுக்கினார். அப்படித்தான் குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஓர் அரசுப் பள்ளிக்கு நான் அனுப்பப்பட்டேன். அங்கே படிக்கும் பிள்ளைகளில் பலரின் பெற்றோர் விடியும் முன்பே பால்வெட்டுக்கு, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலைக்கு, போகிறவர்கள்.

ஒன்பதாம் வகுப்பில் அமிலங்கள், காரங்கள் பாடம். லிட்மஸ் தாளில் தொடங்கும் என் லெசன் பிளானைப் படித்துவிட்டு, வழிகாட்டி ஆசிரியை, "பாலு எப்படி உறையுதுன்னு பிள்ளைகள்ட்டயே கேட்டுப் பாருங்க மக்களே" என்றார். கேட்டேன். அதுவரை வாய் திறக்காத ஒரு மாணவன் எழுந்து, "ஆசிட் கொறஞ்சா பாலு சரியா ஒறையாது, கூடிப்போனா ஷீட்டு கெட்டுப்போவும் டீச்சர்" என்றான். அங்கிருந்து பாடம் தானாக நகர்ந்தது. ரப்பர் பாலில் மிதக்கும் நுண்துகள்கள் எதிர்மின்சுமையால் ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன என்பதையும், ஃபார்மிக் அமிலம் அந்தச் சுமையைச் சமன்செய்வதால் அவை ஒட்டித் திரள்கின்றன என்பதையும், எறும்பு கடித்தால் எரிவதும் இதே அமிலத்தால்தான் என்பதையும் சொன்னபோது வகுப்பு முழுவதும் கேள்வியாகக் கேட்டது.

அந்த வகுப்பின்போது பேராசிரியையும் வழிகாட்டி ஆசிரியையும் பின்பெஞ்சில் ஒன்றாக அமர்ந்திருந்தார்கள். இருவரும் தனித்தனியாகக் குறிப்பெழுதாமல், பேசி ஒரே தாளில் எழுதித் தந்தார்கள். கல்லூரி ஒன்றும் பள்ளி வேறொன்றும் எதிர்பார்த்து, நடுவில் பயிற்சியாளர் தவிக்கும் நிலை இதனால் எனக்கு நேரவில்லை. இந்த ஒரு பழக்கத்தைக் குமரி மாவட்டத்தின் எல்லாப் பி.எட். கல்லூரிகளும் கடைப்பிடிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். இதற்குத் தனியாகப் பணம் எதுவும் தேவையில்லை.

படிப்பு முடிந்ததும் கல்லூரியோடும் பள்ளியோடும் உள்ள இந்த உறவு முறிந்துவிடுவதுதான் பொதுவான குறை. ஆசிரியர் தகுதித் தேர்வில் பொதுப் பிரிவினருக்கு 150க்கு 90 மதிப்பெண், அதன் பிறகும் நியமனத்துக்கான காத்திருப்பு என்று நீளும் காலத்தில் நல்ல பயிற்சி பெற்றவர்கள்கூட வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை அமர்த்தும் ஏற்பாடு 2022இல் வந்தபோது, பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. பின்னர் இந்த வழியில் நானும் பணியில் சேர்ந்தேன். குறைந்த ஊதியத்தில் என்னைத் தாங்கியது, வகுப்பில் ஏதாவது சிக்கல் என்றால் அன்று மாலையே அழைத்துப் பேசப் பேராசிரியையும் வழிகாட்டி ஆசிரியையும் இருந்ததுதான்.

இந்த ஆண்டு இன்டர்ன்ஷிப் போகிறவர்கள், பள்ளியின் தூரத்தை விசாரிக்கும் முன் உங்கள் பாடத்துக்கு அங்கே யார் வழிகாட்டி என்பதை விசாரியுங்கள். கல்லூரியிலிருந்து யார், எப்போது வகுப்பைப் பார்க்க வருவார் என்பதையும் முதல் வாரத்திலேயே கேட்டு, இருவரையும் ஒரே நாளில் ஒரே வகுப்பில் அமரச் சொல்லுங்கள். அனுமதி ஆணையின் நகலையும் தலைமையாசிரியர் தரும் வருகைச் சான்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிப் பதிவேடான ரெக்கார்டை ஒப்படைக்கும்போது அவற்றைக் கேட்பார்கள்.