ஓணம் லோடும் லோயர் ஃபங்ஷனும்

ஆகஸ்ட் 18, 2025
கொல்லம் பார்ட்டிகளில் (வாடிக்கையாளர்களில்) சிலர் மறுபடி காணோம். கைக்கருவியில் முழுப் பட்டியலை உருட்டினால் இருக்கிறார்கள், தேடினால் இல்லை.

ஆகஸ்ட் 19
லெங்த் (நீளம்), ஹெக்ஸ் (பைட்டுகளை எழுத்தாகக் காட்டுவது) இரண்டையும் போட்டுப் பார்த்தால் தெரிகிறது. ஒரு ‘கொல்லம்’ 7 யூனிகோட் குறி, ஹெக்ஸில் 42 எழுத்து. இன்னொன்று 8 குறி, 48 எழுத்து. அதில் ‘ொ’ ஒரே குறியாக இல்லாமல் ‘ெ’, ‘ா’ எனப் பிரிந்து கிடக்கிறது. திரையில் இரண்டும் ஒன்றுதான். பட்டியல் இருப்பது எஸ்கியூலைட் டேட்டாபேஸில். அதன் சொந்த லோயர் (சிறிய எழுத்தாக்கும் ஃபங்ஷன்) ஆங்கில எழுத்தைத் தவிர எதையும் தொடாது. அதனால் கருவிச் செயலியில் அதே பெயரில் வேறொரு லோயர் பதிந்திருக்கிறது, அது என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோட் முறை) செய்து தருகிறது. நோக்கம் நல்லது. லோயர் என்ற பெயரையே எடுத்ததுதான் வினை.

ஆகஸ்ட் 20
புளியரை செக்போஸ்டில் வண்டி நிற்கிறது. ஒன்றும் பார்க்க முடியவில்லை.

ஆகஸ்ட் 22
பதிந்த ஃபங்ஷன் அந்த கனெக்ஷனுக்கு (செயலி டேட்டாபேஸைத் திறந்த தொடர்புக்கு) மட்டுமே, டேட்டாபேஸ் ஃபைலுக்குள் போகாது. ஊர்ப்பெயர் இண்டெக்ஸோ (வேகமாகத் தேட வைத்த வரிசைப் பட்டியல்) லோயர்(ஊர்) மேல் கட்டியது. பார்ட்டியைச் சேர்ப்பது செங்கோட்டை கவுண்டர் கம்ப்யூட்டர். அங்கே இருப்பது பழைய லோயர். பிரிந்த எழுத்தை அப்படியே இண்டெக்ஸில் எழுதிவிடுகிறது. எர்ரர் வராது. அந்த ஃபைல் கருவிக்குக் காப்பியாகி வந்ததும், கருவி சேர்ந்த எழுத்தோடு இண்டெக்ஸில் தேடிக் கைவிரிக்கிறது. ‘நாட் இண்டெக்ஸ்ட்’ (இண்டெக்ஸைத் தொடாதே) சேர்த்துக் கேட்டால் அத்தனை பேரும் வருகிறார்கள். இன்டெக்ரிட்டி செக் (ஃபைல் சரியா என்ற சோதனை) கவுண்டரில் ஓகே. கருவியில் ‘வரிசை இண்டெக்ஸில் இல்லை’. இண்டெக்ஸைத் திரும்பக் கட்டும் ரீஇண்டெக்ஸைக் கவுண்டரில் ஓட்டிப் பயனில்லை, பழைய லோயரை வைத்தே திரும்பக் கட்டும்.

ஆகஸ்ட் 23
கருவிச் செயலி லைக்கையும் (மாதிரியோடு ஒப்பிட்டுத் தேடுவது) மாற்றியிருக்கிறது. ‘ஊர் லைக் மாதிரி’ என்று எழுதினாலும் ஃபங்ஷனுக்கு மாதிரிதான் முதலில் வரும், ஊர் இரண்டாவது. எஸ்கேப் (சிறப்புக் குறியைச் சாதாரண எழுத்தாக எடுக்கச் சொல்வது) சேர்த்தால் மூன்று மதிப்பு. அந்த வடிவத்தையும் தனியாகப் பதிய வேண்டும், இல்லையென்றால் அங்கே பழையதுதான் ஓடும். லைக்கை மாற்றிய கனெக்ஷனில் முன்னெழுத்துத் தேடலுக்கு எஸ்கியூலைட் இண்டெக்ஸைப் பயன்படுத்தாது. கருவி மெதுவாக இழுப்பதற்குக் காரணம் அது.

ஆகஸ்ட் 25
புனலூர்! மலையாளத்தில் அடித்தால் கடைசி ‘ர்’ சில்லு எழுத்து (உயிர் சேராத மெய்யின் தனி வடிவம்). 2008இல் யூனிகோட் 5.1 அதற்குத் தனிக் குறி கொடுத்தது. அதற்கு முன் ‘ர’, சந்திரக்கலை, அகலமில்லா இணைப்பான் என்று மூன்று. என்எஃப்சி இவற்றைச் சேர்க்காது. இப்படி 6 சில்லுக்கும் நாமே அட்டவணை போட வேண்டும். நம் ‘ஸ்ரீ’க்கும் இதே பாடு: ஸகரத்தில் ஒன்று, ஶகரத்தில் ஒன்று. ஸ்ரீ இல்லாத கடைப்பெயர் இந்தப் பக்கம் எத்தனை இருக்கும்?

ஆகஸ்ட் 27
லோயர், லைக் இரண்டையும் விட்டாகிவிட்டது. புதுப் பெயர்: ஊர்கீ. என்எஃப்சி, சில்லு, ஸ்ரீ எல்லாம் அதற்குள். பதியும்போது டிட்டர்மினிஸ்டிக் (அதே உள்ளீட்டுக்கு எப்போதும் அதே விடை) கொடி கட்டாயம், இல்லையென்றால் இண்டெக்ஸில் சேர்க்க விடாது. விடையை ட்ரான்சியன்ட் என்று கொடுத்தால் எஸ்கியூலைட் தானே நகல் எடுத்துக்கொள்ளும். தற்காலிக பஃபரை ஸ்டாட்டிக் (மாறாமல் இருப்பது, நகல் வேண்டாம்) என்று கொடுத்தால் குப்பை வரும். கருவி, கவுண்டர் இரண்டு செயலியிலும் ஆட்டோ எக்ஸ்டென்ஷன் (கனெக்ஷன் திறக்கும்போதெல்லாம் தானே ஓடுவது) வழியாகப் பதிந்தது, பிறகு திறக்கும் கனெக்ஷன் எதுவும் தப்பாது. பழைய இண்டெக்ஸை நீக்கிப் புதிது கட்டியாயிற்று. ஊர்கீ தெரியாத செயலி இனி பார்ட்டி சேர்க்கப் பார்த்தால் ‘அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லை’ என்று நின்றுவிடும். நிற்கட்டும். சத்தமில்லாமல் கெடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஆகஸ்ட் 28
இன்டெக்ரிட்டி செக் கருவியிலும் ஓகே, கவுண்டரிலும் ஓகே.

ஆகஸ்ட் 29
ஊர் நிரப்பாத பார்ட்டி ஒன்றைத் தொட்டதும் செயலி விழுகிறது. ‘நல்’ (எதுவும் நிரப்பாத) மதிப்புக்கு, உள்ளீட்டை எழுத்தாக எடுத்துத் தரும் வேல்யூ டெக்ஸ்ட் எதையும் சுட்டாத வெறும் பாயிண்டரைத் தருகிறது. ஊர்கீயின் முதல் வரியிலேயே அதைச் சோதித்து ‘நல்’லையே திருப்ப வேண்டும். ராத்திரி ஃபைல் காப்பியாவதற்கு முன்னால் இந்தத் திருத்தம் கருவிகளுக்குப் போயாக வேண்டும்.