போல்ட்டுகளால் கட்டப்பட்ட கார்: பெரியப்பாவின் ஸ்டாண்டர்ட் கம்பேனியன்

சென்னைப் புறநகரான முடிச்சூரில் பெரியப்பா வீட்டின் பின்புறம், தகரக் கொட்டகையின் கீழே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அசையாமல் நின்றிருந்த ஸ்டாண்டர்ட் கம்பேனியனை 2021-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் லாரியில் ஏற்றி நங்கநல்லூருக்குக் கொண்டுவந்தோம். கதவைத் திறந்ததும் உள்ளிருந்து முதலில் உதிர்ந்தது காய்ந்த சேறு. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு முடிச்சூருக்குள் புகுந்தபோது, இருக்கை உயரத்துக்குத் தண்ணீர் நின்று வடிந்த சேறு அது. பழைய இரும்புக்கடைக்காரர் ஒருவர் எடைக்கு விலை பேசிவிட்டுப் போயிருந்தார். பெரியம்மாதான் என்னைக் கூப்பிட்டு, "உனக்கு வேணும்னா எடுத்துக்கோப்பா, உடைக்கறதுக்கு மட்டும் குடுக்க எனக்கு மனசு வரல" என்றார்.

பெரியப்பா மயிலாப்பூரில் புகைப்பட நிலையம் வைத்திருந்தவர். 1970-இல் வாங்கிய இந்த வண்டியின் பின்பகுதியில்தான் கேமரா ஸ்டாண்டுகளும் விளக்குகளும் துணித்திரைகளும் அடுக்கப்பட்டு, காஞ்சிபுரம் வரைக்கும் செங்கல்பட்டு வரைக்கும் கல்யாண வீடுகளுக்குப் போகும். எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து பயணம் செய்தவர்கள்தான்.

இந்தக் கார் எங்கள் ஊர்க்கார். வண்டலூருக்கும் பெருங்களத்தூருக்கும் இடையில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலை, வான்கார்டு காரில் தொடங்கி, ஹெரால்டு, கெசல் என்று வளர்ந்து, ஸ்டாண்டர்ட் 2000-த்தோடு 1988-இல் ஓய்ந்துபோனது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்து, 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டுதான் இங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆனது. அதன் ஸ்டேஷன் வேகன் வடிவத்துக்கு இங்கே கம்பேனியன் என்று பெயர். இங்கிலாந்தில் விற்ற ஹெரால்டு வேகனுக்குப் பக்கவாட்டில் இரண்டு கதவுகளே உண்டு. நம் கம்பேனியனுக்கோ பக்கத்துக்கு இரண்டும் பின்னால் ஒன்றுமாக ஐந்து கதவுகள். கூட்டுக் குடும்பமாகவே ஊருக்குப் போகும் நம் மக்களுக்கு அதுதான் பொருந்தியிருக்கும் என்று நினைக்கிறேன்.

வீட்டில் வைத்தே இதைச் சீர்செய்யலாம் என்ற துணிவு எனக்கு வந்ததற்கு, இந்தக் கார் கட்டப்பட்ட விதம்தான் காரணம். 1950-களில் போட்டி நிறுவனமான பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பிஷர் அண்ட் லட்லோ என்ற உடல்கூட்டுத் தொழிற்சாலையை வாங்கிவிட்டதால், முழு உடலையும் ஒரே கூடாகச் செய்து தர ஆளில்லாமல் போன, ஹெரால்டை உருவாக்கிய இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட்-டிரையம்ப் பொறியாளர்கள், தனியான சேசிஸ் (அடிச்சட்டம்) ஒன்றின் மேல் உடலைப் பகுதி பகுதியாக போல்ட் போட்டு இணைக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். நெருக்கடியில் எடுத்த அந்த முடிவினால், அறுபது ஆண்டு கழித்து நங்கநல்லூரில் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு ரிங் ஸ்பேனர் செட்டை மட்டும் வைத்துக்கொண்டு, வண்டியைத் துண்டு துண்டாகக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைக்க என்னால் முடிந்தது. பானட் முன் மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். சாய்த்துவிட்டால் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜின் வேலையைப் பார்க்கலாம். முதுகு வலியே தெரியாது.

கழற்றுவதற்கு மூன்று வாரம் ஆனது. சேற்றை எடுக்க அதைவிட அதிக நாள் ஆனது. சேசிஸின் பெட்டிக் குழாய்களுக்குள் புகுந்து களிமண்ணாக இறுகிப் போயிருந்ததைத் தண்ணீர் பீய்ச்சி, கம்பியால் குத்தி, மறுபடி பீய்ச்சி எடுத்தேன். வெளிப்பக்கம் நன்றாகத் தெரிந்த, சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீண்டு உடலைத் தாங்கும் கைகள் இரண்டு, உள்ளிருந்து அரித்து வடகம் போல நொறுங்கின. டிங்கரிங் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் சிஓடூ வெல்டிங் செட்டோடு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து, அட்டையில் வடிவம் வெட்டி, அதைத் தகட்டில் வரைந்து, புதுக் கைகளைச் செய்து கொடுத்தார். சென்னைக் காற்றில் தேய்த்து வெளுத்த இரும்பை ஒரு ராத்திரி விட்டால் காலையில் செம்பழுப்பாகப் பூத்திருக்கும். ஆகவே, அன்று தேய்த்ததற்கு அன்றே எபாக்ஸி பிரைமர் அடித்துவிட வேண்டும் என்பதை ஒரு கதவைக் கெடுத்துக்கொண்ட பிறகுதான் கற்றுக்கொண்டேன். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் பெயின்ட் வேலையைத் தொடவே இல்லை.

இந்த வண்டியைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லலாம் என்றால், முன்சக்கர டிரன்னியனைப் பற்றியே சொல்வேன். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருப்பார்கள். அந்த மரை ஒரு வெண்கல உறைக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த மரையில்தான் சக்கரம் சுழல்கிறது. அதற்குப் போட வேண்டியது 90 எண் கியர் ஆயில், கிரீஸ் அல்ல. ஆனால் கிரீஸ் நிப்பிள் மாட்டுகிற மாதிரியான துளை அங்கே இருப்பதால், கிரீஸ் கன்னோடு வருகிற கைகள் அதையும் சேர்த்து அடைத்துவிடுகின்றன. பெரியப்பா வண்டியை வழக்கமாக விட்டிருந்த பட்டறையிலும் அதையே செய்திருக்கிறார்கள். நான் உறையைக் கழற்றியபோது உள்ளே இருந்தது, காய்ந்த சோப்பு போல இறுகிய பழுப்புக் கட்டி. மரையின் மேல் பகுதிக்கு அது போய்ச் சேரவே இல்லை. அங்கே தண்ணீர் புகுந்து துரு தின்றிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் பிடித்துப் பார்த்தபோது, மரையின் கடைசிச் சுற்றில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் தெரிந்தது. அந்தத் தண்டு ஓட்டத்தில் முறிந்தால் சக்கரம் அப்படியே மடிந்துபோகும். எத்தனை கல்யாணங்களுக்கு எங்களை ஏற்றிக்கொண்டு அது ஓடியிருக்கிறது என்று நினைத்து அன்றைக்கு நெடுநேரம் அந்தத் தண்டைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஹெரால்டு, கெசல் வைத்திருப்பவர்கள் யாராக இருந்தாலும், வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

இன்ஜின் 948 சிசி, நான்கு சிலிண்டர். இறுகிப்போயிருந்தது. ஸ்பார்க் பிளக் துளைகள் வழியாக டீசலும் கியர் பாக்ஸ் எண்ணெயும் கலந்து ஊற்றி, பத்து நாள் கழித்து முன் புல்லியில் ஸ்பேனர் போட்டு மெல்ல அசைத்தபோது இளகியது. புதுப்பேட்டை பாய் ஒருவரிடம் ஓவர்சைஸ் பிஸ்டன்கள் கிடைத்தன. சிலிண்டரை அதற்கேற்பக் கடைந்து கொடுத்தது அம்பத்தூர் லேத் பட்டறை. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நின்றுவிட்டது. இந்த வண்டியின் காலத்து வார்ப்பிரும்பு சிலிண்டர் ஹெட்டுகளில் அந்த ஈயம்தான் வால்வுக்கும் அது வந்து அமரும் சீட்டுக்கும் இடையில் மெத்தை போல இருந்தது. அது இல்லாமல் ஓட்டினால் வால்வ் சீட்டு தேய்ந்து உள்வாங்கும் என்பதால், கடினமான புதுச் சீட்டுகளை இறக்கினோம். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். அது பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும். ஆகவே பெட்ரோல் குழாய்களையும் பம்ப்பின் டயாபிரத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டேன். டைனமோ மட்டும் ஆச்சரியமாக நன்றாக இருந்தது. அதன் உறையில் லூகாஸ்-டிவிஎஸ் என்ற எழுத்து இன்னும் தெளிவாகவே இருக்கிறது.

சீர்செய்வது வேறு, நம் விருப்பத்துக்கு மாற்றுவது வேறு. இரண்டையும் செய்ய எனக்கு ஆசை இருந்தது. அலாய் சக்கரம் போடு, மாருதி இன்ஜினை இறக்கு, ஏசி வை என்று சொல்லாதவர்கள் குறைவு. நான் எனக்கென்று வைத்துக்கொண்ட அளவுகோல் இதுதான்: எனக்குப் பிறகு இந்த வண்டியை வைத்திருப்பவர் ஒரு ஸ்பேனரைக் கொண்டு ஒரே நாளில் பழையபடி ஆக்கிவிட முடிய வேண்டும். போல்ட்டால் கட்டிய வண்டியில் மாற்றமும் போல்ட்டோடு நிற்கட்டும் என்பது என் எண்ணம். இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த கார், சேசிஸிலும் உடல்கூட்டிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் இல்லாமல் பழைய வடிவிலேயே இருந்தால்தான் விண்டேஜ் வாகனமாகப் பதிவுசெய்ய முடியும். அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அந்தப் பதிவு வேண்டுமா என்று நான் இன்னும் முடிவுசெய்யவில்லை. ஆனால் அந்த வாசலை நானே அடைத்துவிடக் கூடாது அல்லவா?

ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், பழைய சி.பி. பாயிண்டுக்கு (தொட்டு விலகும் மின்தொடுப்பு) பதில் மின்னணு இக்னிஷன் வைத்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கழற்றிய பாயிண்ட் செட் ஒரு விபூதி டப்பாவில் டாஷ்போர்டு அறையிலேயே இருக்கிறது. ஹெட்லைட்டுக்கு ரிலே, கிண்டி நெரிசலுக்கு ரேடியேட்டர் முன்னால் ஒரு மின்விசிறி. எல்லாம் கிளாம்ப்பில் நிற்பவை. பின்தளத்தில் அழுகிப்போன பிளைவுட்டை எடுத்துவிட்டு, பெரியப்பா ஸ்டூடியோவின் பழைய கதவிலிருந்து அறுத்த தேக்குப் பட்டைகளைப் பதித்தேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். ஓர் இடத்தில் மட்டும் என் அளவுகோலை மீறினேன். முன் இருக்கை பெல்ட்டுகளுக்காக, அடியில் தாங்கு தகடு வைத்துத் தரையில் புதிதாகத் துளையிட்டேன். பிள்ளைகள் உட்காரும் வண்டியில் அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் இல்லை.

நிறம் பழைய தந்த நிறமே. நிறத்தை மாற்றினால் ஆர்சி புத்தகத்திலும் மாற்ற வேண்டும் என்பது ஒருபுறம் இருக்க, வேறு நிறத்தில் இதை என்னால் நினைத்துப்பார்க்கவே முடியவில்லை. பட்டி போடும்போது டிங்கரிங் அண்ணன் பின்சக்கர மேட்டின் உட்பக்கத்தில் ஒரு பள்ளத்தைக் காட்டி, "இதையும் நிரப்பிடவா தம்பி?" என்று கேட்டார். கேமரா ஸ்டாண்டின் இரும்புக் கால் ஆண்டுக்கணக்காக இடித்து இடித்து உண்டான பள்ளம் அது. வேண்டாம் அண்ணே, அது அப்படியே இருக்கட்டும் என்றேன்.

போன மாசியில் ஒரு ஞாயிறு விடியற்காலை, பெரியம்மாவை முன் இருக்கையில் உட்காரவைத்துக்கொண்டு வண்டியை ஜிஎஸ்டி சாலையில் எடுத்தேன். இதன் பின்பக்கத்தில் குறுக்கே ஒரே கமான் பட்டையும், சக்கரத்தோடு சேர்ந்து சாயும் அச்சும் இருப்பதால், வளைவில் வேகத்தைச் சட்டென்று குறைத்தால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்துவிட்டு, வளைவு முழுக்க ஆக்சிலரேட்டரைச் சீராக வைத்திருக்க வேண்டும். கத்திப்பாரா மேம்பாலத்தில் முன்பே நாலைந்து முறை பழகியிருந்தேன். பெருங்களத்தூரில் தொழிற்சாலை இருந்த இடத்துக்கு எதிரே நிறுத்தினேன். கண்ணாடிக் கட்டடங்களைப் பெரியம்மா ஒரு பார்வை பார்த்தார். பிறகு இறங்கிப் பின்னால் போய், பின்கதவைத் திறக்கச் சொல்லி, தேக்குப் பட்டைகளைத் தடவிக்கொண்டே வந்த கை அந்தப் பள்ளத்தில் நின்றது. "இந்தச் சத்தம் கேட்டாத்தான் அவர் வந்துட்டார்னு தெரியும்" என்றார்.

இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. பின்பக்கச் சன்னல் கண்ணாடிகளுக்கான ரப்பர் பீடிங் எங்கேயும் கிடைக்கவில்லை. வேறு காருக்கானதை வெட்டி ஒட்டியிருப்பதால் இடது பக்கம் ஒழுகுகிறது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் இரண்டு கடைகளிலும் புதுப்பேட்டையில் பாயிடமும் மாதிரித் துண்டைக் கொடுத்து வைத்திருக்கிறேன். அது வரும்வரை, மேகம் கறுத்தால் கம்பேனியன் வெளியே வராது.